கப்பலில் ஓர் அறை

சொகுசுக் கப்பலில் பிரயாணம் போக விரும்பி மேற்குத் தாம்பரத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், எந்தக் கப்பல், எந்த மாதம், எத்தனை இரவு என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் பேசி முடிக்க இயலாமல், என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தயங்குகிற விஷயம் அறை ஒன்றுதான். உள்ளே இருக்கும் சிறிய அறை போதுமா, ஜன்னல் வைத்த அறை வேண்டுமா, பால்கனி இல்லாமல் கடலுக்குப் போய் என்ன பிரயோஜனம், சூட் என்கிறார்களே அதற்கு இவ்வளவு பணம் கொடுப்பது தகுமா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விகளுக்கு நான் கண்ட விடையையும், அந்த விடைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவங்களையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் தொழில் சொகுசுக் கப்பலோடு தொடங்கவில்லை. அந்தமான் கப்பலோடு தொடங்கியது. இந்தப் பக்கத்தில் குடியிருந்தவர்களில், தீவுகளில் உத்தியோகம் பார்ப்பவர்களும், அங்கே உறவினரை உடையவர்களும், சரக்கு வாங்கி விற்பவர்களும் இருந்தார்கள். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கு அவர்களுக்குச் சீட்டு வாங்கிக் கொடுப்பதே என் முதல் வேலை. 1931-ஆம் ஆண்டிலிருந்து மின்சார ரயில் ஓடிவரும் தாம்பரம்–கடற்கரைப் பாதையில்தான் அதற்காகப் போய்வருவேன். காலையில் தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், ராஜாஜி சாலையில் அந்தச் சீட்டை விற்கும் ஷிப்பிங் கார்ப்பரேஷனின் ஜவஹர் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். துறைமுகமும் அதே சாலையை ஒட்டியதுதான். ஜவஹர் கட்டடத்தில் வரிசையில் நின்றுகொண்டு, விண்ணப்பத்தாளில் வகுப்பு என்று இருக்கும் இடத்தில் எதை எழுதுவது என்று யோசித்து யோசித்துத்தான், கப்பலில் இடம் என்பது இன்னதென்று நான் கற்றுக்கொண்டேன்.

நான்கௌரி, நிக்கோபார், ஸ்வராஜ் தீப் முதலிய அந்தக் கப்பல்களில் தரத்துக்கேற்ற இடங்கள் உண்டு. டீலக்ஸ் அறை, முதல் வகுப்பு அறை, பலர் சேர்ந்து படுக்கும் இரண்டாம் வகுப்பு அறை ஆகியவை போக, எல்லாவற்றிலும் மலிவானது பங்க். பெரிய கூடத்தில் மேலும் கீழுமாக வரிசை வரிசையாகப் படுக்கைகள் அமைந்த இடம் அது. சென்னையிலிருந்து தூரம் சுமார் 1,190 கிலோமீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். பட்டாளத்தில் சேர்ந்த வாலிபனும், கல்லூரி மாணவனும், பங்கில் தங்கள் பையைப் போட்டுவிட்டு அந்த மூன்று நாளையும் மேல்தளத்தில் காற்றிலும் பேச்சிலும் கழித்துவிடுவார்கள். படுக்கை என்பது அவர்களுக்குப் பை வைக்கும் இடம். அதே பங்கில், கப்பல் நகர்ந்த முதல் மணியிலேயே தலைசுற்றிப் படுத்துவிட்ட ஒரு வயோதிகருக்கோ, இரவெல்லாம் அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கோ, கப்பல் முழுவதும் அந்த ஒரு படுக்கைதான். இருவரும் கொடுத்த கட்டணம் ஒன்று; இருவரும் பெற்ற பிரயாணம் வேறு. இந்த வித்தியாசத்தைத் திரும்பி வந்தவர்களின் வாயிலாகக் கேட்டுக் கேட்டு அறிந்ததே என் தொழிலின் அஸ்திவாரம்.

அந்தக் காலத்தில் என்னிடம் வந்த முதியவர்கள் சிலர், மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த பழைய கப்பல்களைப் பற்றிச் சொல்லுவார்கள். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்று, சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய ரஜுலாவில், தளத்திலே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கானவர்களில் அவர்களும் அடங்குவார்கள். அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, அந்தச் சேவையே முடிவுக்கு வந்தது. தமிழன் கப்பலேறியது பெரும்பாலும் பிழைப்புக்காக; அறையைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் அன்று மிகச் சிலருக்கே இருந்தது. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று சந்தோஷத்துக்காகக் கப்பலேறுகிறார்கள் என்பதும், இன்ன அறைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்பதும் எனக்கு மனநிறைவு தரும் மாறுதல்கள். அந்தத் தேர்வு நல்ல தேர்வாக இருக்கவேண்டும் என்று நான் இவ்வளவு கவலைப்படுவதற்கும் அதுவே காரணம்.

2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொடியசைத்து அனுப்பிவைத்தார். அதுவரையில் பெரும்பாலும் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் மரினா பே துறையில் கப்பலேறவேண்டும் என்று இருந்த காரியம், கடற்கரை நிலையத்துக்குப் போகும் காரியமாகக் குறுகிவிட்டது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும், கப்பல் என்ற நினைப்பே இல்லாதிருந்த குடும்பங்கள் கூட விசாரிக்கத் தலைப்பட்டன. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்குப் போனபோது, கோணேசர் கோயிலையும் நல்லூர்க் கந்தசுவாமியையும் தரிசிக்கலாம் என்ற எண்ணத்தில், வீட்டில் உள்ள பாட்டி தாத்தாக்களையும் சேர்த்துக்கொண்டு வந்து பேசினார்கள். அப்பொழுதுதான் அறையைப் பற்றிய விசாரம் என் அலுவலகத்தில் முதன்மையான விசாரமாயிற்று.

எம்ப்ரஸ் கப்பலின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் அதன் அறைகள் ஏன் சிறியனவாக இருக்கின்றன என்பது விளங்கும். 1990-இல் பிரான்ஸ் தேசத்தில் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரோடு கட்டப்பட்ட அந்தக் கப்பல், மூன்று நான்கு இரவுகள் மட்டும் நீளும் குறுகிய பிரயாணங்களுக்கென்றே திட்டமிடப்பட்டது. மூன்று இரவு வருகிறவன் அறையிலே தங்கமாட்டான், நடனத்தையும் நாடகத்தையும் விருந்தையும் தேடி வெளியிலேயே இருப்பான் என்பது அதைக் கட்டியவர்களின் கணக்கு; ஆகவே பொது மண்டபங்களைப் பெரிதாகவும் அறைகளைச் சிறிதாகவும் வைத்தார்கள், பால்கனி உள்ள அறைகளும் அதில் சொற்பமே. 2016-இல் கட்டப்பட்டுச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கென்டிங் ட்ரீம் போன்ற கப்பலில் இதற்கு நேர்மாறாகப் பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி உண்டு. காலம் மாறி, பிரயாணி தன் அறையிலிருந்தே கடலைப் பார்க்க ஆசைப்படத் தொடங்கியபின் பிறந்த கப்பல் அது. ஒரு கப்பலில் சிறியது என்று சொல்லப்படும் அறையும் மற்றொரு கப்பலில் சிறியது என்று சொல்லப்படும் அறையும் ஒன்றல்ல என்பதை, வருகிறவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவாகச் சொன்னால், இன்டீரியர் என்கிற உள்ளறை 120 முதல் 180 சதுர அடி வரையிலும், ஓஷன் வியூ என்கிற ஜன்னல் அறை அதைவிடச் சற்றே கூடுதலாகவும் இருக்கும். பால்கனி அறை 200 சதுர அடியை ஒட்டியும், சூட் 300-க்கு மேலும் போகும். மாடம்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் அடுக்குமாடி வீடு வாங்கிய நம்மவர்கள் சதுர அடியிலேயே சிந்திக்கப் பழகியவர்கள். பில்டரிடம் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கண்டிப்பாகக் கேட்கத் தெரிந்தவர்கள். அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். விளம்பரத்தாளில் போட்டிருக்கும் விஸ்தீரணத்தில் சில சமயம் பால்கனியும் சேர்ந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் உள்ளே மிஞ்சுவது ஜன்னல் அறையின் அளவே என்று தெரியவரும்.

ஆனால் எண்ணைக் கேட்டவுடன் அளவு மனத்தில் தோன்றிவிடுவதில்லை. ஆகையால் என் அலுவலகத்தின் தரையில் சாக்பீஸால் அறையை வரைந்து காட்டுவது என் வழக்கமாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு கட்டம். அதன் மூலையில் குளியலறைக்காக ஒரு சிறு கட்டம். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டால் பிடிக்கும் இடம். துணி அலமாரி, கண்ணாடி மேஜை, நாற்காலி. கோடு போட்டு முடித்ததும், வந்திருக்கும் குடும்பத்தார் எல்லோரையும் அதற்குள் வந்து நிற்கும்படி கேட்டுக்கொள்வேன். "இவ்வளவுதானா சார்?" என்று சிலர் திகைப்பார்கள், "இதுவே தாராளம், நாங்க தூங்க மட்டுந்தானே வருவோம்" என்று சிலர் சிரிப்பார்கள். நாலு பெட்டியை எங்கே வைப்பது என்று அம்மாள் கேட்பார். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், பெரும்பாலான கப்பல்களில் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்பேன். ஒருவர் குளித்துவிட்டுப் புடைவை கட்டும்போது மற்றவர்கள் எங்கே நிற்பது என்ற கேள்வி வரும்போதுதான் விஷயம் உண்மையிலேயே விவாதத்துக்கு வருகிறது. அந்தக் கோட்டுக்குள் நின்று பேசிய குடும்பம், எந்தத் தீர்மானத்துக்கு வந்தாலும் தெரிந்து வந்த தீர்மானமாக இருக்கும்.

நால்வர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு, பகலில் சுவரிலோ கூரையிலோ மடங்கிக்கொள்ளும் மேல் படுக்கைகள் உண்டு. இரவில் பணியாள் வந்து அவற்றை இறக்கி, ஏணி வைத்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த ஏணி ஒரு குதூகலம். முழங்கால் வலியுள்ள பெரியம்மாவுக்கு அது தண்டனை. மூன்றாவது நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதனால் எல்லோரும் ஒரே அறையில் அடங்கிவிடப் பார்க்கிறார்கள். வளர்ந்த பெண்கள் இருவரோடு வந்த ஒரு குரோம்பேட்டைக் குடும்பம் நால்வருக்கும் சேர்த்து ஒரு பால்கனி அறை கேட்டபோது, அதே தொகைக்குச் சற்று முன்பின்னாக, அடுத்தடுத்து இரண்டு உள்ளறைகள் கிடைப்பதைக் காட்டினேன். "பொண்ணுங்களத் தனியா விடறதா?" என்று தாயார் தயங்கினார். இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ளேயே திறக்கும் கதவு வைத்த அறைகள் கப்பலில் உண்டு என்றும், அப்படிப்பட்ட ஜோடியையே கேட்டு வாங்கலாம் என்றும் சொன்ன பிறகே அவர் சம்மதித்தார். திரும்பி வந்தபோது அவர்கள் முதலில் சொன்னது குளியலறை இரண்டு இருந்ததைப் பற்றித்தான். கரையிறங்கிக் கோயிலுக்குப் போகவேண்டிய விடியற்காலையில், நாலு பேர் ஒரு குளியலறைக்குக் காத்து நிற்பதைவிடப் பெரிய இடநெருக்கடி கப்பலில் வேறு கிடையாது.

ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதைப் படுக்கைகள் மட்டும் நிர்ணயிப்பதில்லை. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இன்ன உயிர்காப்புப் படகு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் படகின் இருக்கைகள் நிரம்பிவிட்டால், நாலு படுக்கை உள்ள அறையாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்கமாட்டார்கள். கைக்குழந்தையும் இந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதே இல்லை. "மடியில வச்சுக்கப் போறோம், அதுக்கும் பேர் எழுதணுமா?" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு நான் இந்தக் காரணத்தைப் பொறுமையாக விளக்குவேன். 2012-இல் இத்தாலியக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்த விபத்துக்குப் பின், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பிரயாணிகள் எல்லோரும் படகுப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்று சர்வதேச விதி கடுமையாக்கப்பட்டது. அறையிலிருந்து கூடுமிடத்துக்கு எத்தனை படிகள், பாட்டியால் அத்தனை படிகள் இறங்க முடியுமா என்பதும் அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்கவேண்டியதுதான்.

அளவைக் காட்டிலும் ஸ்தானம் முக்கியம் என்று நான் எப்பொழுதும் சொல்லி வருகிறேன். சிறுவர்கள் ஏறி விளையாடும் ஏற்றப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவன் அசைவதில்லை, முனையில் உட்கார்ந்தவன்தான் மேலும் கீழும் போய்வருகிறான். கப்பலும் அலையில் அப்படித்தான் ஆடுகிறது. முன்கோடியிலும் பின்கோடியிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம். நடுவிலும் நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்திலும் குறைவு. பெரிய கப்பல்களின் இருபுறமும் நீருக்குள் நீளும் இறக்கைகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு தணிக்கின்றன. முன்னும் பின்னும் எழுந்து அமிழ்வதைத் தணிக்க அவற்றால் இயலாது. சேலையூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிக்கு, அமெரிக்காவிலுள்ள மகன் பிரயாணம் ஏற்பாடு செய்யச் சொன்னான். "சார், மேல் டெக்குல இருக்கறதுலயே பெரிய ரூமாப் போடுங்க, பணத்தப் பத்தி யோசிக்காதீங்க" என்பது அவன் கட்டளை. அப்படிக் கிடைத்த சூட், கப்பலின் உச்சியில் முன்கோடியில் இருந்தது. தாயாருக்குக் காரில் கோவளம் போய்வந்தாலே தலைசுற்றும் என்று அவர் வாயாலேயே கேட்டிருந்தேன். "தம்பி, அம்மாவுக்கு வேண்டியது பெரிய ரூம் இல்ல, ஆடாத ரூம்" என்று சொல்லி, நடுப்பகுதியில், கீழே, லிப்டிலிருந்து அதிகம் நடக்க வேண்டாத ஒரு பால்கனி அறையைக் காட்டினேன். அவன் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். மகனுடைய அன்பு அந்த அறையில் குறைந்துவிடவில்லை.

ஆட்டத்தை அடுத்துக் கவனிக்கவேண்டியது சத்தம். டெக் பிளான் என்கிற தள வரைபடத்தை விரித்துவைத்து, நாம் எடுக்கும் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பார்க்கவேண்டும். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக மண்டபமோ நடன அரங்கமோ இருந்தால் நள்ளிரவு வரை தாளம் ஓயாது. முன்கோடியில் கீழே இருந்தால் துறைமுகத்துக்குள் நுழையும்போது நங்கூரச் சங்கிலியும் பக்கவாட்டு யந்திரமும் எழுப்பிவிடும். மேலும் கீழும் பிரயாணிகளின் அறைகளே அமைந்த தளம் உத்தமம். ஜன்னல் அறைக்குக் குறைந்த கட்டணம் சொன்னால் காரணத்தை விசாரிக்கவேண்டும். உயிர்காப்புப் படகு ஒன்று அந்த ஜன்னலை மறைத்துத் தொங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

குளியலறையைப் பற்றி விளம்பரத்தாள்கள் அதிகம் பேசுவதில்லை. நான் அதிகமாகவே பேசுகிறேன். பல கப்பல்களில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஓர் உயர்ந்த விளிம்பு இருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும் முதியவர்கள் அதிலே கால் இடறுகிறார்கள். சாதாரண அறைக்கதவின் அகலம் ஏறக்குறைய இரண்டடிதான். சக்கர நாற்காலி அதிலே நுழையாது. அகன்ற கதவும், விளிம்பில்லாத குளியலறையும், பிடித்துக்கொள்ளக் கம்பிகளும் உள்ள பிரத்யேக அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவாவது உண்டு. எண்ணிக்கையில் குறைவானவை ஆதலால் அவை முதலில் தீர்ந்துபோகும். பக்கவாதம் வந்து தேறியவரோ, சக்கர நாற்காலியை நம்பியவரோ குடும்பத்தில் இருந்தால், தேதியைக்கூட அந்த அறை கிடைக்கும் தேதியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை.

ஜன்னல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, உள்ளறையில் விடிவதில்லை என்று சொல்வேன். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பொழுது விடிந்ததும் தெரியாது, மழை பெய்வதும் தெரியாது. இரவுப் பணி பார்த்துப் பகலில் தூங்கிப் பழகிய வாலிபர்களுக்கு அது அனுகூலம். தினந்தோறும் உதயசூரியனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டே காப்பி குடிக்கும் ஒரு மூதாட்டிக்கு அது பொருந்தாது என்று தெரிந்தபோது, மற்றவர்களுக்கு உள்ளறையும் அவருக்கும் அவருடைய பெண்ணுக்கும் மட்டும் எதிர்வரிசையில் ஜன்னல் அறையும் எடுத்துக் கொடுத்தேன். கப்பல் அசைவில் குமட்டல் வரும் சுபாவமுள்ளவர்களுக்கும் ஜன்னல் நல்லது. உடம்பு உணரும் அசைவைக் கண்ணும் காணும்போது மயக்கம் தணிகிறது. குவாண்டம் வரிசைக் கப்பல்களில் உள்ளறைச் சுவரில் பெரிய திரை வைத்து, வெளியே உள்ள கடலை அப்போதைக்கப்போது காமிரா வழியாகக் காட்டுகிறார்கள். அந்த வசதி இல்லாத கப்பலில், முன்பக்கக் காட்சியைக் காட்டும் சானல் தொலைக்காட்சியில் இருந்தால் அதை இரவெல்லாம் மெல்லிய வெளிச்சமாக ஓடவிட்டால் காலை வருவது தெரியும்.

பால்கனி வேண்டுமா என்பதைப் போகும் வழி தீர்மானிக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போகிற மலாக்கா ஜலசந்தி பெரும்பாலும் அமைதியானது. கப்பல்கள் வந்துபோவதையும் கரையோர விளக்குகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். மலைகள் சூழ்ந்த திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைகிற நேரம் பால்கனிக்குக் கொடுத்த பணத்தை நியாயப்படுத்தக் கூடியது. ஆனால் அந்தக் காட்சியை மேல்தளத்தில் நின்று எல்லோரும் இலவசமாகக் காணலாம் என்பதையும் நான் மறைப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் நாட்களில் வங்கக் கடலில் பால்கனிக் கதவைத் திறப்பதே சிரமம். இரண்டு இரவு நடுக்கடலுக்குப் போய்த் திரும்பும் பிரயாணத்தில், பகலெல்லாம் பிள்ளைகளோடு வெளியே சுற்றும் குடும்பத்துக்குப் பால்கனி வீண். கூட்டமும் சத்தமும் ஒவ்வாத, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கவே வந்த தம்பதிக்கு அதுவே கப்பலின் சாரம்.

கட்டணத்தின் நுட்பங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலையெல்லாம் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில், தலைக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். ஆகவே தனியே போகிறவர் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் கட்டணத்தையும் ஏறக்குறைய முழுமையாகச் செலுத்த நேரும். கணவரை இழந்து தனியே வரும் அம்மாமார்களிடம் தங்கையையோ சிநேகிதியையோ அழைத்து வரும்படி நான் சொல்வது இதனால்தான். எண் குறிப்பிடாமல், இன்ன வகை அறை ஒன்று நிச்சயம் என்று மட்டும் சொல்லி விற்கும் கேரண்டி அறை மலிவு. எங்கே கிடைத்தாலும் சரி என்கிற வாலிபர்களுக்கு அது ஏற்றது. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்க்கும் பையன்கள் கூட்டமாக வந்தால் நான் தயக்கமின்றி அதையே எழுதிக் கொடுக்கிறேன். மிஞ்சும் பணத்தில் அவர்கள் இன்னொரு முறை போய்வரட்டும். முதியவர்களுக்கு மட்டும் அறை எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டவேண்டாம்.

இவ்வளவு அனுபவத்துக்குப் பின் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. கப்பலில் அறையின் அளவை, செலவு செய்கிறவருடைய பையைக் கொண்டோ, குடும்பத் தலைவருடைய அந்தஸ்தைக் கொண்டோ தீர்மானிக்கலாகாது. அந்த அறையில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் யாரோ, அவரைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும். பெரும்பாலும் அவர் குடும்பத்திலேயே குறைவாகப் பேசுகிறவராக இருப்பார். "எனக்கு என்ன, எங்க படுத்தாலும் தூக்கம் வரும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் பாட்டியாகவோ, தன் சௌகரியத்தைக் கேட்கத் தெரியாத பிள்ளைத்தாயாகவோ இருப்பார். அவருக்குப் பொருந்தும் அறையை முதலில் எடுத்துவிட்டு, மற்றவர்களுடைய அறைகளை மிஞ்சிய பணத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பிரயாணம் கிடைக்கும்.

எங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் கட்டணத்தில் ஒரு பங்கு ஆகையால், பெரிய அறையை விற்றால் எங்கள் வருமானம் பெரிது. அந்த லாபத்தைவிட, வேண்டாத அறையை வேண்டாம் என்று சொல்வதே இந்தத் தொழிலின் தர்மம் என்று நான் நம்புகிறேன்; பல வருஷம் சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக்கொண்டு வரும் புறநகர்க் குடும்பங்களை நம்பியே பிழைக்கும் எங்களுக்கு அது நல்ல வியாபாரமும் கூட. ஆகவே கப்பலேற விரும்புகிறவர்கள் ஏஜெண்டைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள பெரியவரையும் கூட அழைத்துப் போகவேண்டும் என்பதும், உங்களோடு யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு வயது என்ன, உடம்பு எப்படி என்று கேட்குமுன் அறைகளின் விலையை ஒப்பிக்கத் தொடங்குகிற ஏஜெண்டிடமிருந்து வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும் என்பதும் என் முடிவான அபிப்பிராயம்.